சீன மருத்துவ நூல்களில் குங்குமப்பூ: ஒரு பெயர் வந்த வழியும் மொழிபெயர்ப்பாளரின் இடரும்

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிய மருத்துவ முறைகளைப் பற்றிய பன்மொழிக் கலைச்சொல் தொகுதியொன்றின் கையெழுத்துப்படி இக்கட்டுரையாளரின் பார்வைக்கு வந்தது. அதில் 'ஹொங்ஹுவா' என்னும் சீன மருந்துப் பெயருக்கு நேராகக் 'குங்குமப்பூ' என்ற தமிழ்ச்சொல் தரப்பட்டிருந்தது. அதனையடுத்து, நாளளவு 3 முதல் 10 கிராம் வரை என்று குறிக்கப்பட்டிருந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'ஹொங்' என்பது சிவப்பு, 'ஹுவா' என்பது பூ. சிவந்த பூ, அதுவும் மருந்துப் பூ என்றவுடன் மொழிபெயர்த்தவரின் எண்ணம் குங்குமப்பூவை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் ஹொங்ஹுவா என்பது குங்குமப்பூ அன்று. அது குசும்பாப் பூ. சீன அரசின் மருந்துநூல் குங்குமப்பூவுக்கு வகுத்துள்ள அளவு 1 முதல் 3 கிராம் வரையே. 5 கிராமுக்கு மேற்பட்ட குங்குமப்பூ உடலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று நச்சியல் நூல்கள் எச்சரிக்கின்றன. ஒரு சொல்லின் பிழை, ஓர் எண்ணின் பிழையாக உருமாறி, நோயாளியின் கிண்ணம் வரை செல்லும் வாய்ப்பு அந்தப் பக்கத்தில் இருந்தது.

இப்பிழைக்கு அம்மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறுவது முறையன்று. சீன மருந்து நூல்களே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக இவ்விரு பொருள்களையும் ஒரே பெயர்க் குடையின்கீழ் வைத்துள்ளன. அக்குடை எவ்வாறு விரிந்தது என்பதை அறிந்தாலன்றி, இன்று அதனை மடக்கித் தமிழில் தருவது அரிது.

முதலில் பொருள்களைப் பிரித்துக்கொள்வோம். குங்குமப்பூ என்று நாம் வாங்குவது முழுப் பூ அன்று. குரோக்கஸ் சடைவஸ் என்னும் கிழங்குச் செடியின் ஊதாப் பூவிலுள்ள மூன்று செந்நிறச் சூல்முடி இழைகள். விதையில்லாத செடியாதலின் கிழங்கு வழியாகவே இனம்பெருகும். ஒரு கிலோ இழைக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்கள் வேண்டும். குசும்பாவோ, கார்த்தமஸ் டிங்க்டோரியஸ் என்னும் முள்செடி. சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் பூவிதழ்க் குழல்களே மருந்தாகவும் சாயமாகவும் பயன்படுவன. தாவரவியல் நோக்கில் இரண்டுக்கும் உறவில்லை. உலர்ந்தபின் இரண்டும் செம்மஞ்சள் இழைகளாகத் தோன்றுவதும், ஒன்று மிக விலையுயர்ந்ததாகவும் மற்றொன்று மலிவானதாகவும் இருப்பதும் மட்டுமே அவற்றை வணிகத்தில் பிணைத்தன. இப்பிணைப்பு சீனருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் குசும்பாவுக்கு வழங்கும் 'ஸாஃப்ளவர்' என்னும் சொல், 'உஸ்ஃபுர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலியம் வழியாகத் திரிந்து வந்தது. 'ஸாஃப்ரன்', 'ஃப்ளவர்' என்னும் இரு சொற்களின் இழுப்பால் இன்றைய வடிவத்தை அது பெற்றது. மக்கள் சொற்பிறப்பியல் ஆங்கிலத்திலும் தன் வேலையைச் செய்துள்ளது.

சீனத்தில் முதலில் குடியேறியது குசும்பாவே. அதன் பழம்பெயர் ஹொங்லான்ஹுவா. 'லான்' என்பது அவுரி போன்ற நீலச்சாயச் செடிக்குரிய சொல். இலை அச்செடியை ஒத்துப் பூ சிவந்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். ஹான் காலத் தூதரான ஜாங் சியென் மேற்குப் புலத்திலிருந்து இதன் விதையைக் கொணர்ந்தார் என்னும் செய்தி, மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ஜாங் ஹுவாவின் பெயரால் வழங்கிவருகிறது. மேலைநாட்டுச் செடி எதுவாயினும் அதனை ஜாங் சியெனின் மூட்டையில் கட்டிவிடுவது சீன மரபு. பெர்த்தோல்ட் லாவ்ஃபர் 1919இல் வெளியிட்ட 'சைனோ-இரானிகா' என்னும் நூலில் இவ்வழக்கத்தைப் பல செடிகளின் தொடர்பில் கடுமையாக மறுத்துள்ளார். எவ்வாறாயினும், ஜாங் ஜோங்ஜிங்கின் பெயரால் வழங்கும் 'ஜின்குயி யாவ்லுவே' என்னும் பழைய மருத்துவ நூலில், பெண்களின் வயிற்று நோவுக்குக் குசும்பாப் பூவை மதுவிலிட்டுக் காய்ச்சித் தரும் முறை இடம்பெற்றுவிட்டது. இரத்தத்தை இயங்கச் செய்வது என்னும் வினை, அன்று தொட்டு இப்பூவுக்குரிய தனித்தொழிலாயிற்று.

குங்குமப்பூ வேறு வழியில், வேறு காலத்தில், வேறு பெயரோடு மருந்து நூலில் நுழைந்தது. யுவான் அரசவையின் உணவு வல்லுநரான ஹூ ஸிஹுய் 1330இல் அரசருக்கு அளித்த 'யின்ஷான் ஜெங்யாவ்' என்னும் நூலில் 'ட்ஸான்-ஃபு-லான்' என்ற பெயருடன் இது காணப்படுகிறது. இது அரபு-பாரசீகச் சொல்லான 'ஸஃபரான்' என்பதன் ஒலிபெயர்ப்பு. ரகர ஒலிக்கு லகரம் வந்தது சீன ஒலியமைப்பின் இயல்பு. அரபுச் சொல்லின் இடைநின்ற மிடற்றொலி இழக்கப்பட்டது. அந்நூல் கூறும் பயன்கள் மூன்று: நெஞ்சில் தேங்கிய துயரைப் போக்கும், கலையாது நிற்கும் மூச்சடைப்பை நீக்கும், நெடுநாள் உண்டால் நெஞ்சுக்கு மகிழ்ச்சி தரும். இப்பயன்களில் சீனச் சொற்கள் உள்ளன. சிந்தனை சீனத்துக்கு மட்டும் உரியதன்று. இப்னு ஸினா, இதய மருந்துகளைப் பற்றிய தம் நூலில், குங்குமப்பூவை உள்ளத்தை மகிழ்விக்கும் மருந்துகளின் வரிசையில் வைத்தவர். யுவான் அரசவையில் முஸ்லிம் மருத்துவர்களுக்கெனத் தனி அலுவலகம் இருந்தது. 36 இயல்களில் நான்கு மட்டும் எஞ்சியுள்ள 'ஹுய்ஹுய் யாவ்ஃபாங்' என்னும் மருந்துத் தொகுப்பு, சீன ஒலிபெயர்ப்பின் பக்கத்திலேயே அரபு எழுத்தில் மருந்துப் பெயர்களைத் தந்துள்ளது. ஆகவே சொல் ஒலிபெயர்ப்பாகவும், பயன் பொருள்பெயர்ப்பாகவும், இரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்று கொள்வது பொருந்தும்.

ஹூ ஸிஹுய் பதிவின் இறுதியில் ஒரு சிறு தொடரைச் சேர்த்துள்ளார். இது முஸ்லிம் நாடுகளின் ஹொங்ஹுவா என்பர் என்று கூறிவிட்டு, அது சரியா என்பது தெளிவாகவில்லை என்று தம் ஐயத்தையும் பதிவு செய்கிறார். பின்வந்த வரலாற்றை அறிந்தோர்க்கு, இவ்வையமே அந்நூலின் மிகச் செம்மையான சொல்லாகத் தோன்றும்.

ஐயம் அடுத்த நூலில் மறைந்தது. லீ ஷிஜென் 1578இல் முடித்து, அவர் மறைவுக்குப்பின் 1596இல் அச்சில் வெளிவந்த 'பென்ட்சாவ் காங்மூ'வில் தலைச்சொல் 'ஃபான்ஹொங்ஹுவா' என்று மாறுகிறது. ஒலிபெயர்ப்பு வடிவங்கள் மாற்றுப் பெயர்களாகக் கீழே தள்ளப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, ஒரே ஒரு கோட்டின் வேறுபாட்டால் இரு வேறு எழுத்துகளாகப் பிற்கால நூல்களில் வழங்குகிறது; ஒலியின் தொடர்பை இழந்த ஒலிபெயர்ப்புக்கு நேரும் கதி அது. லீ ஷிஜென் இப்பூவை அந்நாடுகளின் குசும்பா என்றே முடிவுகட்டுகிறார். ஜாங் சியென் விதை கொணர்ந்த செய்தியை எடுத்துக்காட்டி, இரண்டும் ஒரே இனம், நிலத்தின் இயல்பால் சிறிது வேறுபட்டிருக்கலாம் என்கிறார். பயன்களைக் கூறுமிடத்தில் ஹூ ஸிஹுய்யின் தொடர்களை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றின் நடுவே 'ஹுவோஷுவே', அதாவது இரத்தத்தை இயங்கச் செய்தல், என்னும் வினையைச் சேர்க்கிறார்.

இவ்விடத்தில் மொழியியலார் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முந்தைய பதிவில் இல்லாத இவ்வினை எங்கிருந்து வந்தது? குசும்பாவின் பதிவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பொருளுக்குப் பெயர் கொடுத்தது போக, பெயர் பொருளுக்குக் குணம் கொடுத்துவிட்டது. இன்றைய மருந்துநூலில் குங்குமப்பூவின் பயன்களுள் முதலாவதாக நிற்பது தேங்கிய இரத்தத்தை இயக்கிக் கரைப்பது. ஹூ ஸிஹுய் முதலில் வைத்த துயர் நீக்கம் பட்டியலின் இறுதிக்குச் சென்றுவிட்டது. பிற்கால மருத்துவர்கள் தம் பட்டறிவால் இப்பயனை உறுதிப்படுத்தியிருக்கலாம். அதனை மருத்துவர்களே ஆராய வேண்டும். பதிவுகளின் வரிசை மட்டுமே நம் எல்லைக்குள் வருவது.

'ஃபான்' என்னும் அடையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அயலார், குறிப்பாக மேற்கத்திய அயலார் என்பது இதன் பொருள். தக்காளி, சர்க்கரைவள்ளி, மிளகாய் ஆகியவற்றின் சீனப் பெயர்களிலும் இதே அடை நிற்கிறது. தமிழில் 'சீமை' செய்யும் வேலையை இது செய்கிறது. சீமை அகத்தி அகத்தியன்று. சீமைக் கருவேல் கருவேலன்று. தோற்றத்திலோ பயனிலோ ஓர் ஒப்புமை கண்டு உள்நாட்டுப் பெயரை வாங்கி, அயன்மையை அடையாக்குவது இரு மொழிக்கும் பொதுவான உத்தி. ஆனால் இலக்கண நோக்கில் தலைச்சொல் இனத்தையும் அடை வகையையும் குறிப்பதால், அறியாதவர்க்கு ஃபான்ஹொங்ஹுவா என்பது ஹொங்ஹுவாவின் ஒரு வகையாகவே ஒலிக்கும். லீ ஷிஜென் போன்ற பேரறிஞரையே தொகைச்சொல்லின் அமைப்பு தன்வழி இழுத்துச் சென்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அடை மீண்டும் மாறியது. ஜாவ் ஷுவேமின், லீ ஷிஜென் விட்டவற்றைத் தொகுக்கும் நோக்குடன் 1765ஐ ஒட்டி எழுதிய நூலில் 'ட்ஸாங்ஹொங்ஹுவா' என்பது இடம்பெறுகிறது. 'ட்ஸாங்' என்பது திபெத்து. திபெத்தில் குங்குமப்பூ விளைவதில்லை. காஷ்மீரிலிருந்து இமயமலைக் கணவாய்கள் வழியாகத் திபெத்துக்குச் சென்று, அங்கிருந்து சீனத்துக்குள் வந்தது. பெயர் விளைநிலத்தைக் குறிக்காமல் கடைசிச் சுங்கச்சாவடியைக் குறித்தது. திபெத்தியர் இவ்வகையில் நேர்மையானவர்கள். 'குர்கும்' என்னும் அவர்தம் சொல் 'குங்கும' என்னும் வடசொல்லோடு உறவுடையது. உயர்ந்த வகையை அவர்கள் 'கச்சே குர்கும்', அதாவது காஷ்மீரக் குங்குமம் என்றே அழைப்பர். அவர்தம் மருத்துவத்தில் இது ஆறு நன்மருந்துகளுள் ஒன்றாக, ஈரலுக்குரியதாகப் போற்றப்படுகிறது. எனினும் லாசாவுக்குச் செல்லும் பயணிகள் 'திபெத்துக் குங்குமப்பூ' கேட்டு வாங்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை.

ஜாவ் ஷுவேமின் பதிவில் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் வடிவம் சாமந்தி போன்றது என்றும், ஒரு பூவைக் கொதிநீரில் இட்டால் குருதி போன்ற நிறம் வரும் என்றும், நான்கு முறை ஊற்றியும் நிறம் தருவதே உண்மையானது என்றும் அவர் எழுதுகிறார். குங்குமப்பூவின் இழை சாமந்தியைப் போல் இராது. சாமந்திக் குடும்பத்தைச் சார்ந்தது குசும்பாவே. மேலும் குங்குமப்பூ இழை சிவந்திருப்பினும் அது நீருக்குத் தருவது மஞ்சள் நிறம். அதிலுள்ள குரோசின் என்னும் நிறமி நீரில் எளிதில் கரைவது. இன்றைய மருந்துநூல் தரும் சோதனை இதற்கு முற்றிலும் மாறானது: இழையை நீரிலிட்டால் செம்மஞ்சள் நிறம் நேர்கோடாகக் கீழிறங்கி மெல்லப் பரவும், நீர் மஞ்சளாகும், அடியில் எதுவும் படியாது, சூல்முடியின் நுனி ஊதுகொம்பு போல் விரிந்திருக்கும். இரு சோதனைகளும் ஒரே பொருளைப் பற்றியனவாக இருத்தல் அரிது. 'ட்ஸாங்ஹொங்ஹுவா' என்னும் பெயர் இன்று குங்குமப்பூவுக்கு உரியது என்பதால், 1765இன் பதிவிலும் அது குங்குமப்பூவையே குறித்தது என்று கொண்டு மொழிபெயர்ப்பது துணிச்சலான செயலாகும். அவ்விடத்தில் பெயரை ஒலிபெயர்த்து, அடிக்குறிப்பில் ஐயத்தை வைப்பதே தக்கது.

இன்று சீன அரசின் மருந்துநூல் ஏற்றுள்ள பெயர் 'ஷீஹொங்ஹுவா', மேற்குச் சிவப்புப்பூ. மூன்று அடைகளுள் இதுவே குற்றம் குறைந்தது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழங்குகள் இறக்குமதி செய்யப்பட்டு, ஷாங்காயின் சோங்மிங் தீவிலும் ஜெஜியாங் மாநிலத்துச் ஜியாண்டேயிலும் இச்செடி பயிராகத் தொடங்கியது. குளிர்காலத்தில் வயலில் கிழங்கைப் பெருக்கி, இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் தட்டுகளில் அடுக்கிப் பூக்கச் செய்வது அங்குள்ள முறை. கிழக்குக் கடற்கரையில் விளையும் பொருள் மேற்கின் பெயரைத் தாங்கி நிற்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை, கவலைப்படவும் வேண்டியதில்லை.

இதுவரை கூறியவற்றினும் சிக்கலானது 'யூஜின்' என்னும் சொல்லின் கதை. இன்றைய சீன மருத்துவத்தில் யூஜின் என்பது மஞ்சள் இனத்துச் செடிகள் சிலவற்றின் வேர்க்கிழங்கு. அதனுடன் மணம் என்னும் பொருள்தரும் 'ஷியாங்' சேர்ந்தால் 'யூஜின்ஷியாங்'. இன்றைய பேச்சில் இது டியூலிப் மலர். தாங் காலத்திலோ யூஜின்ஷியாங் என்பது குங்குமப்பூ. 646இல் முடிக்கப்பட்ட தம் பயண நூலில் சுவான்சாங் காஷ்மீரத்தின் விளைபொருள்களுள் இதனைக் குறிப்பிடுகிறார். லி பாயின் பாடலொன்றில் மதுவின் மணத்தைக் கூற இச்சொல் வருகிறது. இன்றைய அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர், மணமே பெரிதும் இல்லாத டியூலிப்பை அக்கிண்ணத்தில் மிதக்கவிடுவார். யீஜிங் 703இல் சுவர்ணப்பிரபாச சூத்திரத்தை மொழிபெயர்த்தபோது, நீராட்டுச் சடங்குக்குரிய 32 மணப்பொருள்களின் பட்டியலில் சீனப் பெயரோடு வடமொழி ஒலியையும் பக்கத்தில் எழுதிவைத்தார். பெயர் வழுக்கும் இடத்தில் மூலத்தின் ஒலியையும் பிடித்துக்கொள்வது என்னும் இவ்வழியைவிடச் சிறந்ததொன்றை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மஞ்சளும் குங்குமப்பூவும் ஒரே சொல்லில் மோதிக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. வடமொழியில் 'குங்கும' என்பது குங்குமப்பூவே. பழந்தமிழ் நூல்களின் குங்குமச் சாந்தும் அதுவே. பின்னர் மஞ்சளோடு காரம் சேர்த்துச் செய்த செந்தூள் அப்பெயரைப் பற்றிக்கொள்ள, மூலப்பொருள் 'பூ' என்னும் ஒட்டைச் சேர்த்துக் 'குங்குமப்பூ' எனத் தன்னைப் பிரித்துக்காட்ட வேண்டியதாயிற்று. தென்னிந்தியாவில் 'ஸாஃப்ரன்' என்னும் ஆங்கிலச் சொல் மஞ்சளுக்கு வழங்கியதை 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி பதிவு செய்துள்ளது. அக்காலத்து ஆங்கிலச் சமையல் குறிப்புகளைத் தமிழாக்குவோர் இன்றும் இதில் இடறுவதுண்டு.

நடைமுறைக்கு வருவோம். ஹொங்ஹுவா என அடையின்றி வருமிடமெல்லாம் 'குசும்பாப் பூ' என்றே தருதல் வேண்டும். ஷீ, ஃபான், ட்ஸாங் என்னும் அடைகள் பெற்றுவரும் இடங்களில் 'குங்குமப்பூ' என்று தந்து, மூலப் பெயரை ஒலிபெயர்ப்பில் உடன் வைக்கலாம். ஜாவ் ஷுவேமின் மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் சுளுக்குக்குத் தேய்க்கும் 'ஹொங்ஹுவா' எண்ணெயில் பெரும்பாலும் இருப்பது விண்டர்கிரீன் எண்ணெய். அதனைக் குங்குமப்பூத் தைலம் என்பது பொருந்தாது.

பயன்களை மொழிபெயர்ப்பதிலும் கவனம் தேவை. 'ஹுவோஷுவே' என்பதை 'இரத்த ஓட்டத்தைப் பெருக்குதல்' என்றால் மேனாட்டு உடலியங்கியல் உள்ளே புகுந்துவிடும். 'இரத்தத்தை இயங்கச் செய்தல்' போதும். 'ஜிங்' என்னும் வழிகளை 'நாடி' என்பது மேலோட்டத்தில் எளிது. ஆனால் சித்த மருத்துவத்தில் அச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டாகையால் 'தடம்' என்பதே குழப்பம் தராதது. 'ஷின்' என்னும் சொல்லில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வாய்ப்பு மிகுதி. அது உறுப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிப்பது. நம்மிடம் 'நெஞ்சு' உண்டு. 'இதயம்' என்று எழுதினால், துயரைப் போக்கும் மருந்து இதய நோய் மருந்தாகிவிடும். தெகரான் ஆய்வாளர்கள் 2004 முதல் மிதமான மனச்சோர்வு நோயாளரிடம் குங்குமப்பூச் சாற்றைச் சோதித்துவருகின்றனர். அச்சோதனைகளில் வழக்கமாகத் தரப்படுவது நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். அவை சிறிய சோதனைகள். முடிவுகள் நம்பிக்கை தருவன. மருந்துநூலின் கிராம் அளவையும் இந்த மில்லிகிராம் அளவையும் ஒரே பக்கத்தில் எழுத நேர்ந்தால், அலகைச் சுருக்காமல் முழுச்சொல்லாகவே எழுதுவது நலம்.

இறுதியாக ஒரு தொடர். மருந்துநூலின் குங்குமப்பூப் பதிவு, கருவுற்ற பெண்களுக்குக் கவனத்துடன் தரவேண்டும் என்னும் எச்சரிக்கையைக் கொண்டுள்ளது. இரத்தத்தை இயக்கும் மருந்து என்னும் வகைப்பாட்டின் நேர்விளைவு அது. தமிழ்நாட்டிலோ, கருவுற்ற மகளுக்குப் பாலில் குங்குமப்பூ இட்டுக் கொடுப்பது தாய்வீட்டுக் கடமைகளுள் ஒன்று. அங்கு இடப்படுவது ஓரிரு இழை. நூல் பேசுவது கிராம் கணக்கு. நம் கையெழுத்துப்படியில் இவ்வெச்சரிக்கை முற்றிலும் விடப்பட்டிருந்தது; நம்மவர் வழக்கத்துக்கு மாறாக இருந்ததால் பிழையென்று கருதி நீக்கியதாக மொழிபெயர்த்தவர் எழுதினார். அத்தொடரை மீண்டும் சேர்த்து, அளவின் வேறுபாட்டைக் குறிப்பில் விளக்கி, தலைச்சொல்லைக் 'குசும்பாப் பூ' என்று திருத்திப் படியை அனுப்பிவைத்தேன்.